வெயில் கூடினால் மாந்தோப்பும் கிருஷ்ணகிரி மாவட்டத்து மேலகிரி மலைக் காடும் ஒரே மாதிரி மாறுமா?

மாறாது. இலை நிமிடக்கணக்கில் மாறும், மரம் பருவக்கணக்கில், காடு தலைமுறைக்கணக்கில். காற்று சூடாகி வறண்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிஞ்சும், உணவு தயாரிப்பு குறையும்.

மரத்தின் கதை கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மா பூக்க மார்கழி, தை இராக்குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் பூங்கொத்து வரவேண்டிய நுனியில் கொழுந்து வந்துவிடும். பெங்களூரா என்ற மா ரகத் தோப்பில் பூ தள்ளிப்போனால் பிஞ்சு கடும் வெயிலில் மாட்டி உதிரும். ஒரு வருஷ வருமானமே அதில் போய்விடும் என்பதால் எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்புறம் காடு. மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் வெயில் கூடினால் செடியினங்கள் குளிர்ச்சியான இடத்தில் விதை விழுந்து முளைத்து, மெல்ல மேலே நகரும். மேலகிரி முகட்டில் ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கோ அதற்கு மேல் மலையே இல்லை.