கொலை வழக்கில் நேரில் கண்ட சாட்சி காட்டும் அடையாளத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று "இவர்தான்" என்று உறுதியாகச் சொன்ன பிறகும் நீதிமன்றம் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொலையாளியை முன்பே அறிந்த சாட்சியிடம் பெரும்பாலும் கேட்க வேண்டியவை வெளிச்சம், தொலைவு, பகை ஆகியவை மட்டுமே. அதுவரை கண்டிராத ஒருவரைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, வாரங்கள் கழித்து அடையாளம் காட்டுபவரின் நிலை வேறு. அவர் முழு நேர்மையுடனேயே தவறு செய்யக்கூடும். குறுக்கு விசாரணை பொய்யை வெளிக்கொணர்வதில் வல்லது. தான் சொல்வதை மனமார நம்புகிறவரிடம் அதற்குப் பிடி கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், கிர்க் பிளட்ஸ்வொர்த் என்பவர் 1985இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். அவரைச் சிறுமியுடனோ சம்பவ இடத்துக்கு அருகிலோ பார்த்ததாக ஐந்து பேர் சாட்சியம் அளித்திருந்தனர். 1993இல் டிஎன்ஏ பரிசோதனை அவரை விடுவித்தது. 2003இல் அந்தத் தடயம் வேறொருவருடையது எனத் தெரியவந்தது. ஐந்து பேர் சொன்னால் ஐந்து மடங்கு வலு என்று நாம் எண்ணிவிடுகிறோம். எல்லாரும் காவல்துறை வரைவித்த ஒரே உத்தேச ஓவியத்தையும் ஒரே செய்திப் படத்தையும் பார்த்திருக்கும் வழக்கில், அந்த எண்ணிக்கைக்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன்.

அச்சத்தில் பார்த்த முகம் மனத்தில் ஆழப் பதியும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் கத்தியோ துப்பாக்கியோ எதிரே இருக்கும்போது கண் ஆயுதத்தின் மீதே நிலைப்பதால், முகத்தைப் பற்றிய நினைவு மங்குவதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. வேற்று இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிவதில் தவறு கூடுவதும் அப்படியே.

இவற்றைவிட என்னை அதிகம் கலங்க வைப்பது உளவியலாளர்கள் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998இல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றவர்களுக்குத் துப்பாக்கி ஏந்திய ஒருவர் தோன்றும் காணொளியைக் காட்டிவிட்டு, அவர் இடம்பெறாத புகைப்படங்களின் வரிசையிலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுத்த அனைவருமே தவறானவரைக் காட்டினார்கள். அவர்களில் சிலரிடம் "நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள்" என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு, தாங்கள் தொடக்கத்திலேயே உறுதியாக இருந்ததாகவும், முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும், கூர்ந்து கவனித்ததாகவும் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கூறினார்கள். கூண்டில் நாம் காணும் உறுதி இப்படிப் பின்னர் ஊட்டப்பட்டதாக இருக்கலாம். ஊட்டப்பட்டது என்று சாட்சிக்கே தெரியாது.

இங்கிலாந்து நீதிமன்றம் 1976இல் டர்ன்புல் வழக்கில், எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தகைய வெளிச்சத்தில் பார்த்தார் என்பவற்றை ஆராயவும், நம்பத்தகுந்த சாட்சியும் தவறியிருக்கலாம் என்று ஜூரியை எச்சரிக்கவும் நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல விதிதான், ஆனால் அது விசாரணையின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. சேதம் பெரும்பாலும் காவல் நிலையத்திலேயே நடந்து முடிந்திருக்கும். சந்தேக நபர் யாரென்று அறியாத அதிகாரி அடையாள அணிவகுப்பை (சந்தேக நபரைப் பிறருடன் வரிசையில் நிறுத்திச் சாட்சியிடம் காட்டுவதை) நடத்துவது, உண்மையான குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்வது, சாட்சி தரும் விவரத்துக்கு ஒத்தவர்களையே உடன் நிறுத்துவது, எந்த அளவு உறுதி என்பதை அந்தக் கணமே அவருடைய சொற்களில் பதிவது ஆகியவை செலவில்லாத காப்புகள்.

இவ்வாறு முறையாக நடந்த முதல் அணிவகுப்பில், எவரும் எதுவும் சொல்வதற்கு முன் சாட்சி காட்டிய மிகுந்த உறுதி, துல்லியத்துக்கு நல்ல அறிகுறி என்றே வெல்ஸும் மற்றோர் உளவியலாளரான ஜான் விக்ஸ்டெடும் 2017இல் எழுதினார்கள். ஆகவே இத்தகைய சாட்சியத்தை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டும் என்போருடன் நான் உடன்படவில்லை. அந்த முதல் பதிவு இல்லாதபோதும், அதில் "சரியாகத் தெரியவில்லை" என்று இருக்கும்போதும், பிற்பாடு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்பவரைச் சுட்டிக்காட்டுவதை மட்டுமே நம்பி ஒருவரைக் கொலைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதே என் கருத்து. அங்கே தடயமோ கண்காணிப்புக் கேமரா பதிவோ தனித்து நின்று அவரைச் சுட்ட வேண்டும்.