கேளுங்கள், சொல்கிறேன்: ஆற்றைப் பாடியவர் பெயரில் ஓர் ஏரி

கேள்வி: அட்லாண்டாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது லேனியர் ஏரியைப் பார்த்தோம். ஒரு கவிஞரின் பெயராம். யார் அவர்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சிட்னி லேனியர். அதே ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 1842-ல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையில் சேர்ந்து, பிடிபட்டு, மேரிலாந்து சிறைமுகாமில் கிடந்தார். அங்கே பற்றிய காசநோய் கடைசி வரை விடவில்லை. 39 வயதில் போய்ச் சேர்ந்தார். புல்லாங்குழல் கலைஞரும்கூட. பால்டிமோரில் பீபாடி இசைக்குழுவில் வாசித்தார். கவிதைக்கு ஆதாரம் இசைதான் என்று ஒரு புத்தகமே எழுதினார்.

‘சட்டஹூச்சியின் பாட்டு’ என்ற அவருடைய கவிதையை மகளிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் பேசுவது சட்டஹூச்சி ஆறு. ஹேபர்ஷாம் மலைகளில் கிளம்பி, ஹால் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி ஓடுகிறது. நாணலும் புல்லும் ‘இரேன்’ என்று கெஞ்சுகின்றன, மரங்கள் நிழலைக் காட்டி மடக்குகின்றன, கூழாங்கற்கள் மினுக்குகின்றன. ஆறு நிற்பதாக இல்லை. கீழே வயல் காய்கிறது, ஆலைச் சக்கரம் சுற்றியாக வேண்டும், கடல் வேறு கூப்பிடுகிறது.

1950-களில் அதே ஆற்றின் குறுக்கே ப்யூஃபோர்டு அணையைக் கட்டினார்கள். தேங்கிய தண்ணீருக்கு இவர் பெயரை வைத்தார்கள். யார் யோசனையோ!

கேள்வி: அமெரிக்கத் தெற்கின் பெருமையைப் பாடுவது, அடிமை முறைக்கும் சேர்த்துப் பாடுவதாகிவிடாதா?
- வாசகர், விருதுநகர்

பதில்: சில கவிதைகள் அப்படித்தான். தோட்ட மாளிகை, மக்னோலியா மணம் என்று உருகிவிட்டு, பருத்தி எடுத்த கைகளை மறந்துவிடும். ஆனால் அந்த மண்ணை ஆசை தீரப் பாடியவர்கள் கறுப்பினக் கவிஞர்களே என்பது என் கட்சி.

நிக்கி ஜியோவானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-ல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் பிறந்தவர். வளர்ந்தது ஒஹையோவில், கோடைக்கு நாக்ஸ்வில்லில் தாத்தா பாட்டி வீடு. அந்த ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார். கோடை வந்தால் அப்பாவின் தோட்டத்து மக்காச்சோளம், வெண்டைக்காய், கீரை, முட்டைக்கோஸ். சர்ச் பிக்னிக்கில் மோர், வீட்டில் செய்த ஐஸ்கிரீம். பாட்டியோடு மலைக்குப் போகலாம், வெறுங்காலோடு திரியலாம். அவ்வளவுதான் கவிதை, பெருமை என்ற பேச்சே கிடையாது. அந்த வெண்டைக்காய் அடிமை வணிகத்தின் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கவிதை சொல்வதில்லை. தெரிந்து படித்தால் ருசி மாறுகிறது.

நடாஷா டிரெத்தவே வேறு மாதிரி. 1966 ஏப்ரல் 26-ல் மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டில் பிறந்தார். அன்று அந்த மாநிலம் தென் படை வீரர்களை நினைவுகூரும் நாள். அம்மா கறுப்பினத்தவர், அப்பா வெள்ளையர். அந்தத் திருமணம் அப்போது மிசிசிப்பி சட்டப்படி செல்லாது. கல்ஃப்போர்ட்டுக்கு எதிரே கடலில் ஷிப் தீவு இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது அங்கே தென் படைக் கைதிகளுக்குக் காவல் நின்றவர்கள் வட மாநிலப் படையின் கறுப்பின வீரர்கள். ஆனால் கோட்டை வாசலில் பதித்த பலகையில் தென் படையினர் பெயர்கள் மட்டும். விடுபட்டவர்களுக்காக அவர் எழுதிய தொகுப்பு 2007-ல் புலிட்சர் பரிசு பெற்றது. சொந்த ஊர் என்ற உரிமையோடு சண்டை பிடிக்கும் கவிதைகள் அவை.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். எதில் தொடங்கலாம்?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: ஜியோவானியில். பஸ் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். அப்புறம் லேனியர், சந்தத்துக்காக. ஆலன் டேட் தென் படை வீரர்களின் கல்லறையைப் பாடிய நெடுங்கவிதையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அதை விளக்க அவரே பிறகு தனிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது.