பிழிந்த பிறகே மசாலா: வீகன் சமையல் கேள்வி – பதில்

இறைச்சி, முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விட்டுவிடும் வீகன் முறையிலும் பழகிய குழம்பும் வறுவலும் பிரியாணியும் அதே ருசியில் வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்களில் சிக்கல் ஒன்றுதான்: தண்ணீர். ஆட்டுக்கறியும் கோழியும் வேகும்போது தம் சாற்றையும் கொழுப்பையும் குழம்புக்குக் கொடுக்கும். மீல் மேக்கரும் (சோயா உருண்டை) டோஃபுவும் (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும், பனீர் போன்ற கட்டி) குழம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கறிக்குப் பழகிய கை அதே அளவில் உப்பும் எண்ணெயும் தண்ணீரும் சேர்க்கும்போதுதான் ருசி தவறுகிறது.

மீல் மேக்கரை எத்தனை முறை கழுவினாலும் ஒரு பச்சை வாடை போகவில்லை. குழம்பில் போட்டால் மேலே மட்டும் காரம், உள்ளே சப்பென்று ரப்பர் மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈரோடு

மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் பிதுக்கி எடுத்து உலர்த்தியது. சோயாவில் மிஞ்சும் கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறும்போது வருவதுதான் அந்த வாடை. வெறும் பச்சைத் தண்ணீரில் கழுவினால் அது போகாது. வெந்நீரில் இளக்கி, பிழிந்து வெளியேற்ற வேண்டும்.

100 கிராம் உருண்டைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, உருண்டைகளைச் சேர்த்து 4 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம் வையுங்கள். அந்த நீரை முழுக்கக் கொட்டிவிட்டு, குளிர்ந்த நீர் ஊற்றிப் பிழியுங்கள். இப்படி மூன்று முறை. முதல் பிழிதலில் நுரையும் மஞ்சள் நீரும் வரும், மூன்றாவதில் நீர் தெளிந்திருக்கும். கடைசி முறை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, சொட்டுகூட வராத அளவுக்கு அழுத்துங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் மசாலா நுழைய இடமே இல்லை. உங்கள் குழம்பில் உள்பக்கம் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிழிந்த உடனே மசாலாவில் போட்டுவிடுங்கள். ஒரு டேபிள் ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, கால் கப் தண்ணீர். அந்தத் தண்ணீர் முக்கியம். கெட்டி விழுது மேலேதான் ஒட்டும், நீர்த்த மசாலாதான் உள்ளே போகும். அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு இரண்டு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் ஓரங்கள் சிவக்கும்வரை வதக்கித் தனியே எடுத்து வையுங்கள். ஊற வைக்கும் முன்பே எண்ணெயில் பொரித்தால் மேல்பக்கம் இறுகி மசாலாவைத் தடுத்துவிடும். வரிசையை மாற்றாதீர்கள்.

குழம்பை வழக்கத்தைவிடத் தளர்வாக, உப்பும் உறைப்பும் ஒரு பங்கு தூக்கலாக வைத்துக்கொண்டு உருண்டைகளைப் போட்டு, மிதமான தீயில் 12 நிமிடம். குக்கரில் விசில் விட வேண்டாம்; நாரெல்லாம் குழைந்துவிடும். இன்னொன்று, மீல் மேக்கரில் கொழுப்பு ஏறக்குறைய இல்லை. எண்ணெயைக் குறைத்தால் தொண்டையில் அடைக்கும். 100 கிராமுக்கு மொத்தம் நான்கு டேபிள் ஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, இல்லாவிட்டால் மூன்று ஸ்பூன் எண்ணெயோடு அரை மூடித் தேங்காய் அரைத்த விழுதோ வேண்டும். உடம்புக்கு நல்லது என்று இதைத் தேடி வருபவர்கள் முதலில் கைவைப்பது எண்ணெயில்தான். அங்கேதான் ருசி கெடுகிறது.

மறுநாள் காலை குழம்பு வற்றிக் கிடந்தால் கவலைப்பட வேண்டாம், இரவெல்லாம் உருண்டை அதைக் குடித்திருக்கும். அரை கப் வெந்நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சூடுபடுத்துங்கள்.

மட்டன் கொத்துக்கறிக்குப் பதில் சோயா குருணையில் கோலா உருண்டை செய்தேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துவிட்டது.
– வாசகி, காரைக்குடி

கொத்துக்கறியை அரைக்கும்போது அதன் புரதம் பிசுபிசுப்பாகும், சூடு பட்டதும் இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். குருணையின் புரதம் தொழிற்சாலையிலேயே வெந்துவிட்டது. அது இனி ஒட்டாது. பிடிமானத்தை நாம்தான் தர வேண்டும், அதோடு ஈரத்தையும் ஒழிக்க வேண்டும்.

100 கிராம் குருணையைக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். இரண்டு டேபிள் ஸ்பூன் எண்ணெயில் சோம்பு ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன் சேர்த்து, வெங்காயத்தின் ஈரம் போகும்வரை வதக்குங்கள். குருணையைப் போட்டு ஆவி நிற்கும்வரை கிளறுங்கள். கடைசியில் கால் கப் தேங்காய்த் துருவல், ஒரு டீஸ்பூன் கசகசா, உப்பு. நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் விடாமல், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக அரையுங்கள். இதில் பொட்டுக்கடலை மாவு 6 டேபிள் ஸ்பூன், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்று. பொட்டுக்கடலை ஈரத்தை இழுக்கும், உருளைக்கிழங்கு ஒட்டவைக்கும். ஒன்று மட்டும் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். பச்சை வெங்காயத்தைச் சேர்த்தால் உப்பு பட்டு நீர் விடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நெல்லிக்காய் அளவில் வெடிப்பில்லாமல் உருட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெயில் ஒரு துளி மாவு போட்டால் உடனே மேலே வர வேண்டும். முதலில் ஒரே ஒரு உருண்டை போட்டுப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. ஒரு நிமிடம் கரண்டியே வைக்காதீர்கள்.

டோஃபுவைப் பனீர் மாதிரியே சமைக்கிறேன். உடைகிறது, ருசியும் இல்லை. வீட்டிலேயே டோஃபு செய்ய முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பனீரில் பால் கொழுப்பு இருப்பதால் அது வெறுமனே ருசிக்கும். டோஃபுவில் தண்ணீர்தான் அதிகம். 200 கிராம் கட்டியை, கெட்டி ரகமாகப் பார்த்து வாங்கி, வில்லைகளாக நறுக்கி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்ட கொதிநீரில் 10 நிமிடம் மூழ்க வையுங்கள். வடித்துத் துணியில் ஒற்றி எடுங்கள். உப்பு உள்ளே போகும், மேற்புறமும் சற்று இறுகும். இரண்டு டீஸ்பூன் சோள மாவில் புரட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் போடுங்கள். அடிப்பக்கம் சிவந்து தானாகக் கல்லை விடும்வரை திருப்பக் கூடாது. அவசரப்பட்டுச் சுரண்டும்போதுதான் உடைகிறது.

கறி போல மென்று சாப்பிடும் பதம் வேண்டுமென்றால் டோஃபுவை ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உருகும்போது சின்னச் சின்னத் துளைகளை விட்டுச்செல்லும். அறைச் சூட்டுக்கு வந்ததும் மெதுவாகப் பிழிந்து, கையால் பிய்த்து மிளகு வறுவல் செய்தால் மசாலா ஆழமாக இறங்கும். உறைந்திருக்கும்போது மஞ்சளாகத் தெரியும், கெட்டுப்போனதல்ல.

வீட்டில் செய்ய: 250 கிராம் சோயா பீன்ஸை 8 மணி நேரம் ஊறவைத்து (வெயில் காலத்தில் நடுவே ஒருமுறை நீரை மாற்றுங்கள்), இரண்டு லிட்டர் தண்ணீரில் பகுதி பகுதியாக அரைத்து வடிகட்டுங்கள். பாலை அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். கொதிக்கும் முன்பே நுரை பொங்கி ஏமாற்றும். நுரை அடங்கி உண்மையாகக் கொதித்த பிறகு இன்னும் 10 நிமிடம் வேண்டும். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருள் உண்டு, போதிய கொதிப்பில்தான் அதன் வேகம் அடங்கும். அடுப்பை அணைத்து 5 நிமிடம் கழித்து, 4 டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை அரை கப் நீரில் கலந்து, மூன்று தவணையாக ஊற்றி, இரண்டே சுற்று மெதுவாகக் கிளறி மூடிவிடுங்கள். 15 நிமிடத்தில் தெளிந்த மஞ்சள் நீர் பிரியும். இன்னும் பால் போலவே இருந்தால் ஒரு ஸ்பூன் சாறு கூட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலோ ஓயாமல் கிளறினாலோ மணல் மணலாகத் திரியும். துணியில் கட்டி, இரண்டு கிலோ எடை வைத்து அரை மணி நேரம். மீந்த சக்கையை அடை மாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

பலாப்பிஞ்சு பிரியாணி குழைந்து களியாகிவிட்டது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, பண்ருட்டி

இரண்டு தடவை வெந்திருக்கும்: குக்கரில் ஒரு முறை, தம்மில் ஒரு முறை. ஒன்றரை கிலோவுக்கு மேல் போகாத, நறுக்கினால் கொட்டை வெள்ளையாகவும் கத்தி எளிதில் இறங்கும்படியாகவும் உள்ள பிஞ்சாகப் பாருங்கள். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, தோலும் நடுத்தண்டும் நீக்கி, பெரிய துண்டுகளாக மஞ்சள் கலந்த தண்ணீரில் போடுங்கள். உப்பு போட்ட கொதிநீரில், குக்கர் இல்லாமல், முக்கால் பதம் போதும். வடித்து, எண்ணெயில் ஓரம் முறுகப் புரட்டி, அரிசி பாதி வெந்த பிறகு சேருங்கள்.

பதத்தில் பலாப்பிஞ்சு கறியை எட்டும், புரதத்தில் எட்டாது. 100 கிராமில் மூன்று கிராம்கூடத் தேறாது. காளானிலும் புரதம் குறைவுதான். அன்றைக்குக் கூடவே பருப்போ சுண்டலோ இருக்கட்டும்.

பிரியாணிக்கும் குருமாவுக்கும் தயிருக்குப் பதில் என்ன?
– வாசகி, ஆம்பூர்

புளிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரை கப் தயிருக்கு அரை கப் கெட்டித் தேங்காய்ப்பாலும் ஒரு டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாறும். பெரும் தீயில் கொதித்தால் தேங்காய்ப்பால் திரியும், அதனால் தீயைத் தணித்தபின் ஊற்றுங்கள். தேங்காய் வாசனை பிடிக்காதவர்கள் 15 முந்திரியை ஊறவைத்து அரைத்த விழுதோடு தக்காளியைக் கூட்டிக்கொள்ளலாம்.

மைதாவைக் கழுவி ‘கறி’ செய்யலாம் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

செய்யலாம். சீனாவிலும் ஜப்பானிலும் புத்த மடாலயச் சமையலில் பழைய முறை அது. வெளிநாடுகளில் ‘செய்டான்’ (seitan) என்ற பெயரில் விற்கிறது. ஒரு கிலோ மைதாவை சுமார் 600 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் அழுத்திப் பிசைந்து, உருண்டையாக நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வையுங்கள். பிறகு பாத்திரத்துக்குள்ளேயே பிசைந்து பிசைந்து ஐந்தாறு தண்ணீர் மாற்றினால் மாவுச்சத்து கரைந்தோடி, ரப்பர் போன்ற கோதுமைப் புரதம் ஏறத்தாழ 300 கிராம் மிஞ்சும். முதலில் கந்தலாகப் பிரிந்து பயமுறுத்தும், விடாமல் பிசைந்தால் சேர்ந்துவிடும். தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும்போதே நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, பட்டை, சோம்பு, பூண்டு, உப்பு, மிளகு போட்ட ஆறிய சாற்றில் வைத்துச் சூடேற்றுங்கள். மெல்லிய தீயில் 45 நிமிடம், ஓரத்தில் குமிழி வந்தால் போதும். கொதித்துக் குதித்தால் ஊதிப்போய் பிரெட் மாதிரி ஆகிவிடும். ஆறியதும் கத்தி போடாமல் நார்நாராகப் பிய்த்துச் சுக்கா வறுவல் செய்யுங்கள்.

முதல் இரண்டு கழுவல் நீரை ஓர் இரவு தெளியவிட்டால் அடியில் மாவுப்பால் படியும். தேங்காய் எண்ணெய் விட்டுக் கிளறினால் அதில் நல்ல அல்வா வரும். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

கடையில் பச்சைப் புள்ளி போட்ட உறைந்த கபாப் வாங்கினேன். அது வீகன்தானா?
– வாசகர், சென்னை

பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்லும். பால் பொடி, பனீர், நெய் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி வீகன் உணவுக்குத் தனிச் சின்னம் உண்டு: பச்சைக் கட்டத்துக்குள் இலையோடு கூடிய ஆங்கில ‘வி’ எழுத்து. அது இல்லாவிட்டால் பொருட்பட்டியலில் பால் புரதம், வே (whey), கேசின் (casein) என்ற சொற்களைத் தேடுங்கள்; இவை பாலிலிருந்து வருபவை.

டோஃபு பொடிமாஸில் முட்டை வாசனை வர வழி உண்டா?
– வாசகி, திருச்சி

கறுப்பு உப்பு. அதிலுள்ள கந்தகம்தான் அந்த வாசனை. இந்துப்பு வேறு, அதில் இது வராது. 200 கிராமுக்குக் கால் டீஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். சூட்டில் வாசனை பறந்துவிடும். சாதா உப்பை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு இவை மட்டும் போதுமா? தினமும் சோயா கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

புரதத்துக்குக் குறைவில்லை. உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். ஒரு பிள்ளையின் தட்டுக்கு 20 கிராம் உலர் எடை தாராளம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சோயா, மற்ற நாட்களில் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வேர்க்கடலை என்று மாற்றிக் கொடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும். எத்தனை மணி நேர இடைவெளி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பி12 வைட்டமினை எந்தக் காய்கறியும் பயறும் நம்பும்படி தருவதில்லை. இட்லி மாவு புளிப்பதிலிருந்தோ கீரையிலிருந்தோ கிடைத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். குறைபாடு மெதுவாக வரும், நரம்பைப் பாதிக்கும். பாலையும் முட்டையையும் முழுக்க நிறுத்திய வீட்டில் எல்லோருக்கும் பி12 மாத்திரையோ, அது சேர்த்த உணவோ கட்டாயம். பிள்ளைகளுக்கான அளவைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மீன் வறுவலுக்கு ஈடாக ஏதாவது?
– வாசகர், தூத்துக்குடி

சேனைக்கிழங்கு. அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, புளித்தண்ணீரும் மஞ்சளும் உப்பும் சேர்த்து முக்கால் பதம் வேகவையுங்கள். புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும். ஈரம் உலர்ந்ததும் மீன் மசாலாவில் ஒரு டேபிள் ஸ்பூன் அரிசி மாவு குழைத்துத் தடவி, 20 நிமிடம் கழித்துத் தோசைக்கல்லில் கறிவேப்பிலையோடு நிதானமாக வறுங்கள். வாழைக்காயிலும் செய்யலாம், அதை வேகவைக்காமல் நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கினாலே போதும்.