இரவுத் தூக்கப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் பலமாகக் குறட்டை விடுவார், நடுவில் மூச்சே நின்றுபோகும். ஸ்லீப் ஸ்டடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்குமா?

பதில்: வலிக்காது. மயக்க மருந்தும் கிடையாது. தலை, கண்ணோரம், தாடை, கால்களில் சென்சார்களை ஒட்டுவார்கள். மூக்கருகே மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள். இந்தப் பட்டைகள் மிக முக்கியம். காற்று நின்ற பிறகும் மார்பு அசைந்தால் தொண்டை அடைத்திருக்கிறது. அசைவே இல்லையென்றால் மூச்சுவிடும்படி மூளை சொல்லவில்லை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அப்புறம், நீங்கள் பார்த்ததை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். தூங்குகிறவருக்கு அது தெரியாது.

கேள்வி: இத்தனை வயர்களோடு எப்படித் தூங்குவது?

பதில்: வீட்டில்போல் தூக்கம் வராதுதான். அரைகுறையாகத் தூங்கினாலும் பெரும்பாலும் போதுமான தகவல் கிடைத்துவிடும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. 12, லேசானது என்று இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூச்சு 10 விநாடியாவது நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்குச் சராசரியாக எத்தனை முறை என்பதே அந்த எண். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30-ஐத் தொட்டால் தீவிரம். ஆனால் சராசரி பலதை மறைத்துவிடும். மல்லாந்து படுக்கும்போதும், கனவு வரும் ரெம் தூக்கத்தில் தசைகள் தளரும்போதும் சிலருக்கு இந்த எண் பல மடங்கு ஏறும். அந்த இரண்டுக்கும் தனித்தனியாக எவ்வளவு, ஆக்சிஜன் எதுவரை இறங்கியது, பகலில் தூக்கம் தள்ளுகிறதா, ரத்த அழுத்தம் உண்டா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: வீட்டிலேயே செய்யும் பரிசோதனை போதாதா?

பதில்: தொண்டை அடைப்புதான் என்று வலுவாகச் சந்தேகித்தால், வேறு பெரிய நோய் இல்லாதவருக்குப் போதும். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலைகளைப் பதிவதில்லை, அதனால் எது தூக்கம், எது விழிப்பு என்று அவற்றுக்குத் தெரியாது. விழித்துக் கிடந்த நேரமும் கணக்கில் சேர்வதால் எண் குறைவாக வரலாம். அறிகுறி இருந்தும் 'நார்மல்' என்று வந்தால், ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குத் தூக்கமே பிடிப்பதில்லை. நானும் செய்யலாமா?

பதில்: வெறும் தூக்கமின்மைக்கு வழக்கமாகத் தேவையில்லை. எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: இரவு ரிப்போர்ட் நார்மல். ஆனாலும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறேன்.

பதில்: நார்கோலெப்சியா, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோயா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு பதிவு செய்துவிட்டு, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டித் தூக்கம் போடச் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, ரெம் தூக்கமும் சீக்கிரமே வந்தால் சந்தேகம் வலுக்கும். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது ரெம் தூக்கத்தை அடக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.