பேஸ்மென்ற் அறையில் செடி வளர்க்க விரும்பும் தம்பிக்கு

தம்பி, கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில், வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் ஒரு அறையில் இருந்தபடி நாள் முழுவதும் கணினியில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் செடி வைத்தால் காற்றுச் சுத்தமாகுமா, ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரலாமா, எந்தக் கடையில் செடி மலிவு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காற்றை எண்ணிச் செடி வாங்க வேண்டாம். அந்தப் பேச்சு 1989இல் நாசாவில் வுல்வர்டன் என்பவர் செய்த ஆய்விலிருந்து பரவியது. அவர் செடிகளைக் காற்றுப் புகாத சிறு கூண்டுகளுக்குள் வைத்துச் சோதித்தார். நாம் வாழும் அறையிலோ கதவிடுக்கு வழியாகக்கூடக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று கண்டார்கள்.

செடியால் வரும் நன்மை வேறு. டிசம்பரில் ரொறன்ரோவில் காலை எட்டு மணியளவில் எழும் சூரியன், மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குக் கட்டிலுக்கும் கணினிக்கும் இடையில் பகல் வந்துபோனதே தெரியாது. செடி வைத்திருப்பவரோ வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கவனிக்கிறார், திரைச்சீலையை விலக்குகிறார், மண்ணைத் தொட்டுப் பார்ப்பதற்காகவேனும் நாற்காலியை விட்டு எழுகிறார், புதுத் தளிரைக் காட்ட ஊரிலுள்ள அம்மாவை அழைக்கிறார். தனியாக வந்து முதல் குளிர்காலத்தைக் கழிப்பவருக்கு இது மிகப் பெரிய உதவி.

ஆனால் தண்ணீரில் கவனமாக இருங்கள். ஊரில் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிப் பழகிய நம்மவர்கள் இங்கும் அப்படியே ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அது குடிக்காத நீர் தேங்கி வேரை அழுக வைக்கும், மண்ணில் சிறு பூச்சிகள் பெருகும், பேஸ்மென்றுகளில் பொதுவாக இருக்கும் பூஞ்சணத் தொல்லையும் கூடும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடியில் துளையில்லாத சாடி வேண்டாம். ஹீற்றருக்கு நேர் மேலே வைத்தால் உலர்காற்றில் இலைகள் கருகும். மணிபிளான்டும், வாள்போல் நிமிர்ந்த இலைகளுடைய சான்சிவேரியாவும் குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும், அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஊரிலிருந்து கன்று கொண்டுவரும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மண்ணோடு கூடிய செடியைக் கொண்டுவர இங்கே தடை உண்டு. மண்ணில்லாத கன்றுக்கும் முறையான அனுமதியும், பூச்சியோ நோயோ இல்லையென்று காட்டும் பயிர்நலச் சான்றிதழும் தேவை. பயணப்பெட்டியில் துணிக்குள் மறைத்துக் கொண்டுவந்ததைக் கொண்டாட்டங்களில் பெருமையாகச் சொல்லும் நம்மவர்கள் மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. அதோடு ஒரு பூச்சி வந்து சேர்ந்தால் அழியப்போவது இன்னொருவருடைய பயிர்.

கறிவேப்பிலைக் கன்று இங்கேயே கிடைக்கிறது. இரவுக் குளிர் விட்ட மே மாதக் கடைசியில் வெளியே வைத்து, செப்ரெம்பரில் இரவு வெப்பநிலை 10 பாகைக்கு இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும். உள்ளே வந்ததும் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுவதைக் கண்டு, பட்டுவிட்டதென்று பலர் எறிந்துவிடுகிறார்கள். தண்டை நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். உங்கள் சிறிய யன்னலின் வெளிச்சம் அதற்குப் போதாது. செடிகளுக்கான எல்இடி விளக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது எரிய வேண்டும்.

நான் வந்த காலத்தில் இவற்றைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. ஒரே அறையில் பலராக இருந்து, இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கியதால், அந்தக் குளிர்காலத்தில் வெயிலையே நான் அறியவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த கயானா நாட்டு அம்மா ஒருவர், ஜாம் போத்தலில் ஒரு மணிபிளான்ட் கொடித்துண்டைப் போட்டுத் தந்து, தினமும் இதற்காகவாவது திரையை விலக்கு என்றார். அந்தக் கொடி இன்றும் என் வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கிறது. அதிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டுகள் எத்தனையோ வீடுகளில் வளர்கின்றன. சொந்த வீடு வாங்கியவுடன் வரவேற்பறையைப் பிளாஸ்டிக் பூக்களால் நிறைக்கும் நம்மவர்களைக் காணும்போது, முற்றத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நட்டவர்கள்தானா இவர்கள் என்று மனம் நோகிறது.

கடை விலையைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எங்கே வாங்கினாலும் இலைகளைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்த்து, பூச்சியோ பிசுபிசுப்போ இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.