கணினி கேள்வி-பதில்: 47-ஐத் தேடினால் 147-உம் வருகிறதே!

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. மூன்று வருட எடைக் கணக்கு ஒரே சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த) ஃபைலில் இருக்கிறது. எங்களுக்கு ஷீட் தரும் 47-ஆம் நம்பர்காரர் கணக்கு வேண்டுமென்று நோட்பேடில் 47 என்று தேடினால் 147, 470, 47 கிலோ எல்லாம் வந்து நிற்கிறது. மைத்துனர் ஆக் (awk, ஃபைலை வரி வரியாகப் படிக்கும் நிரல்) கட்டளை ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் கூட்டினால் சிலருக்கு மட்டும் எடை குறைகிறது, எரரும் காட்டவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பியதில் ஒரு வரியை அப்படியே வைக்கிறேன்.

12-01-2023,47,"மேலவிளை, அருமனை",31.5,4

தேதி, நம்பர், விலாசம், ஷீட் கிலோ, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர்) கிலோ. நோட்பேடுக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது, 47 எங்கே கிடந்தாலும் பிடித்துக்கொண்டு வரும். ஆக் நிரலிடம் பிரிப்பான் கமா என்று சொல்லிவிட்டால் வரியைத் துண்டு துண்டாக வெட்டி $1, $2 என்று வைத்துக்கொள்ளும்; $2 == 47 என்று கேட்டால் இரண்டாவது துண்டில் 47 உள்ள வரிகள் மட்டும் வரும். மைத்துனர் எழுதியதும் இதைத்தான், அது சரி.

தகராறு விலாசத்தில் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேலவிளை மாதிரி ஒரு விளை பெயர் இல்லாமல் விலாசம் ஏது, விளைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கமா விழுந்துவிடுகிறது. அப்படி வந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும் என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற சிஎஸ்வி வழிமுறை ஆவணம் சொல்கிறது, உங்கள் ஃபைலும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் கமாவை மட்டும் பார்த்து வெட்டும் ஆக் மேற்கோளைக் கவனிக்காது. $4-இல் 31.5 இருக்க வேண்டிய இடத்தில் அருமனை வந்து உட்கார்ந்துவிடும். எழுத்தைக் கூட்டச் சொன்னால் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும், அந்த நாளின் முப்பத்தொன்றரை கிலோ சத்தமில்லாமல் காணாமல் போகும். விடியுமுன் எழுந்து பால் வெட்டி, உறைய வைத்து, ரோலரில் அடித்துக் காயப்போட்டுக் கொண்டுவந்த ஒருவருடைய ஷீட் அது. இந்தக் கட்டளையை நம்பி யாருக்காவது பணம் தீர்த்திருந்தால் தயவுசெய்து மறுபடி கூட்டிப் பாருங்கள்.

எந்தெந்த வரி கெட்டது என்று பார்க்க, ஆக்கில் என்எஃப் (NF) என்ற மாறியில் துண்டுகளின் எண்ணிக்கை இருக்கும், அது 5 இல்லாத வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஆக்கின் ஒரு வகையான ஜிஆக் (gawk) 5.3 போட்டுக்கொண்டால் அதில் சிஎஸ்விக்கென்றே ஒரு ஆப்ஷன் உண்டு, மேற்கோளை அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் இருந்தால் சிஎஸ்வி மாட்யூலும் போதும், ஆனால் அதில் எல்லாத் துண்டும் எழுத்தாகத்தான் வரும், 47 என்ற எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டால் ஒரு வரிகூடக் கிடைக்காது. எனக்குக் கேட்டால் இனி டேப் வைத்துப் பிரித்த ஃபைலாகவே சேமியுங்கள் என்பேன், விலாசத்துக்குள் யாரும் டேப் அடிக்க மாட்டார்கள்.

கேள்வி: குளச்சலில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். டோக்கன் 0047 என்று இருப்பது எக்ஸெலில் திறந்தால் 47 ஆகிவிடுகிறது.

பதில்: டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, டோக்கன் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். டபுள் கிளிக்கில் திறந்து சேமித்துவிட்டீர்கள் என்றால் ஃபைலிலிருந்தே பூஜ்யங்கள் போய்விடும், அதனால் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.