நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை: வாசகர் கேள்விகள்

வாப்பாவுக்கு 78. நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் காற்றுப்பை மாதிரி ஒன்று. சளியா? (கிண்ணியா)

காற்றுக்குக் கீழே நீர் மட்டம் கோடு கிழித்தமாதிரி நின்றால் பெரும்பாலும் அது, பிரிமென்றகட்டிலுள்ள (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) துவாரத்தால் மேலே ஏறிய இரைப்பை. இதைத்தான் ஹேர்னியா என்கிறார்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சி.டி. அல்லது பேரியம் எக்ஸ்ரே (வெள்ளைக் கரைசல் குடிக்கவைத்து எடுப்பது) காட்டும்.

அம்மாவுக்கு ஹேர்னியா. ஆபரேஷன் செய்யலாமா? (மூதூர்)

வயது? தொந்தரவு? குடிக்கிற மருந்து? ஒன்றும் எழுதவில்லை. நான் சாத்திரியார் இல்லை.

அம்மம்மாவுக்கு 74. நாலு வருஷமாக இரத்தம் குறைவு. இரும்புக் குளிசை குடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். பெருங்குடலில் ஒன்றுமில்லையாம். சாப்பிட்டதும் மூச்சு வாங்குகிறது. (தம்பலகாமம்)

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். போன மாதம் ஒரு அம்மா மஞ்சள் பையில் பழைய கிளினிக் கொப்பிகளோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஹீமோகுளோபின் 8, 9, 8. கீழே அதே குளிசை. "ஏன்?" என்று ஒரு பக்கத்திலும் இல்லை. கேட்டால் வயசுதானே என்பார்கள். வயசு இரத்தம் குடிக்காது! இரைப்பை மேலே ஏறியிருந்தால், பிரிமென்றகடு அதைப் பிடிக்கிற இடத்தில், மூச்சுக்கு மூச்சு மடிப்புகள் உரசிக் கீறல் விழும். கேமரன் புண் என்பது அதுதான். சொட்டுச் சொட்டாகக் கசியும். எண்டோஸ்கோபி (வாய்வழியே கமரா விட்டுப் பார்ப்பது) செய்பவர் அந்த இடத்தைத் தேடிப் பார்க்காவிட்டால் தப்பிவிடும். தேடச் சொல்லிக் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் உதவும். ஆனால் இரத்தம் இறங்கிக்கொண்டே இருந்து மூச்சும் வாங்கினால், இருதயத்தையும் பார்த்துவிட்டு, சத்திரசிகிச்சை நிபுணரிடம் போங்கள். லப்பரஸ்கோபியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) இரைப்பையை இறக்கித் துவாரத்தைத் தைத்தால் பலருக்கு இரண்டும் சீராகும். மூட்டுவலிக்கு டைக்குளோபெனக் (இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய வலிக்குளிசை) குடிக்கிறாரா? அதையும் முதலில் சொல்லுங்கள்.

எனக்கு 82. இரைப்பை ஏறியிருப்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு தொந்தரவும் இல்லை. (உவர்மலை)

அப்படியே விடுங்கள். அவசர ஆபரேஷனுக்குப் போகிறவர் வருஷத்துக்கு நூற்றில் ஒருவர் அளவுதான். ஆனால் மேல்வயிறு கடுமையாக வலித்து, ஓங்காளித்தும் வாந்தி வராவிட்டால் இரைப்பை முறுகியிருக்கலாம். வாயு என்று இஞ்சிப் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு.

துவாரத்தில் வலை வைத்துத் தைத்தால் ஹேர்னியா திரும்ப வராதா? (நிலாவெளி)

வரும். ஐந்து வருஷத்தில் படம் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கொஞ்சம் ஏறியிருக்கும். கரையும் வலையும் அதைப் பெரிதாக மாற்றவில்லை. கரையாத வலை உணவுக்குழாயை அரிக்கலாம். படத்தில் ஏறினாலும் மறுபடி ஆபரேஷன் தேவைப்படுகிறவர் சிலரே.

ஆபரேஷன் முடிந்து வந்தாயிற்று. எப்போது சோறு? (குச்சவெளி)

முதலில் நீராகாரம், பிறகு குழைந்த கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம். சில கிழமைக்குப் பாண், இறைச்சி வேண்டாம். சோடாவும் வேண்டாம், ஏப்பம் வராமல் தவிப்பீர்கள். திடீரென வலித்து ஓங்காளித்தால், மேலே உவர்மலைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.